கேட்பாரற்ற கல்

வேலங்குட்டை, செங்கம் வழி
9-2-1980

தம்பி சகாதேவனுக்கு அக்கா பச்சையம்மாள் எழுதிக்கொண்டது.

இங்கு எல்லோரும் நலம், உன் நலத்துக்கு எழுதவும் என்று எழுதத்தான் கை போகிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று முன்தினம், வியாழக்கிழமை, நான் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். பத்து மணி இருக்கும். ஒரு டிராக்டர் வரப்போரம் வந்து நம் சாமி வேடியப்பன் கல் முன்னால் நின்றது. நாலு ஆட்கள் இறங்கினார்கள். கையில் கடப்பாரை, தாம்புக்கயிறு. நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அடியில் பாதி தோண்டிவிட்டார்கள். டிரெய்லரில் வைக்கோல் பரப்பி அவரை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். பொங்கலுக்கு நான் போட்ட மஞ்சள் காப்பு இன்னும் உதிரவில்லை.

பஞ்சாயத்துத் தலைவர் இராமலிங்கம் கூடவே இருந்தார். நான் மண்ணை வாரித் தூற்றினேன். அவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்து நீட்டினார்.

"என் மேல ஏம்மா பாயறே? கல்லு நிக்கிறது புறம்போக்கு. அண்ணாமலையில மியூசியம் கட்டறாங்க, கல்லைக் குடுங்கனு கேட்டாங்க. யாராவது கும்பிடறாங்களானு கேட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லலை. இந்தப் பேப்பரைத்தான் காட்டினாங்க. உன் தம்பி எழுதினது. அவன் பொய்யா எழுதுவான்?"

படித்தேன். கார்த்திகை தீபத்துக்கு உங்கள் பேப்பர் போட்ட மலர். கல்லின் போட்டோவுக்குக் கீழே இப்படி இருக்கிறது: 'ஆயிரம் ஆண்டு பழமையான இந்த நடுகல், கேட்பாரற்றுக் கிடக்கிறது.' அதற்கும் கீழே உன் பெயர்.

சகாதேவா, அந்தப் போட்டோ எடுத்த அன்று நீ எங்கே சாப்பிட்டாய்? அவருக்குப் படைத்த பொங்கலை, அவர் முன்னாலேயே, வாழையிலையில் ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாய். "நெய் கம்மிக்கா" என்றாய். கை கழுவிய தண்ணீர் காய்வதற்குள் கேட்பாரற்றுப் போய்விட்டாரா?

உடனே புறப்பட்டு வா.

அக்கா
பச்சையம்மாள்


சின்னக்கடைத் தெரு, திருவண்ணாமலை
16-2-1980

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. மூன்று நாள் வைத்திருந்து பதில் எழுதுகிறேன். கோபத்தில் இருப்பவருக்கு அவசரமாகப் பதில் எழுதினால் தப்பாகப் போய்விடும்.

நடந்தது இதுதான். தீப மலருக்கு 'அண்ணாமலைக்கு வருவோர் பார்க்க வேண்டியவை' என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். ஆயிரங்கால் மண்டபம், பாதாள லிங்கம், ரமணாசிரமம், சாத்தனூர் அணை என்று வருஷா வருஷம் வருவதையெல்லாம் எழுதி முடித்த பிறகும் பதினைந்து வரிக்கு இடம் மிச்சம் இருந்தது. புதிதாக எதையாவது போடவேண்டும் என்றுதான் நம் கல்லை எழுதினேன். செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். நம் கல்லில் வில்லும் வாளும் பிடித்து நிற்கிறவன், மாடு மீட்கப் போய்ச் செத்தவன். தலைக்கு மேல் இருக்கும் கோடுகள் வட்டெழுத்து. இதெல்லாம் ஊரில் யாருக்கும் தெரியாது. நான் எழுதித்தான் தெரிந்தது.

'கேட்பாரற்று' என்பது எங்கள் தொழிலில் வழக்கம். ரோடு என்றால் 'குண்டும் குழியுமாக', ஏரி என்றால் 'தூர்ந்துபோய்', பழைய கல் என்றால் 'கேட்பாரற்று'. பேனா தானாக எழுதிவிடும். அப்படி எழுதினால்தான் மேலே இருப்பவர்கள் கவனிப்பார்கள். யாரையும் குறைசொல்லும் வார்த்தை இல்லை அது.

நம் குடும்பம் கும்பிடும் சாமி என்று எழுதியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நிருபர் தன் வீட்டுச் சங்கதியைச் செய்தியில் எழுதக்கூடாது.

கல் இருக்குமிடம் எனக்குத் தெரியும். செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டி, சோணகிரி கலைக்கூடம் என்று ஒரு டிரஸ்ட் கட்டியிருக்கிறது. வெள்ளைக்காரர்கள் அந்தப் பக்கம்தான் தங்குகிறார்கள் என்பதால் அங்கே. ஆகஸ்டில் திறப்பு. கல்லுக்கு ஒரு குறையும் இல்லை. மழை படாது, திருட்டுப் போகாது.

டிரஸ்டின் அறிவிப்பைப் பார்த்தேன். ஆட்சேபம் இருந்தால் கல் எடுத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள், அதாவது மார்ச் 8-க்குள், எழுதிக் கொடுக்கலாம். செயலாளர் கோதண்டராமன் எனக்குப் பழக்கம். நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அலைய வேண்டாம். சந்திரகலாவுக்கு என் அன்பு.

தம்பி
சகாதேவன்


வேலங்குட்டை
27-2-1980

தம்பி சகாதேவனுக்கு,

நீ பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதி பதினோரு நாள் ஆகிறது. நம் பெரியப்பா மகன் காசி அண்ணன் பொறுக்காமல் திங்கட்கிழமை அண்ணாமலைக்குப் போய் அந்தக் கோதண்டராமனைப் பார்த்து வந்தார். உன் அறைக்கும் வந்தாராம். பூட்டியிருந்ததாம்.

செயலாளர் நல்ல மாதிரியாகத்தான் பேசியிருக்கிறார். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தாராம். காசி அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பெரியவரே, கும்பிடற சாமியைத் தூக்கியாந்து வச்சிக்கணும்னு எங்களுக்கு என்னங்க ஆசை? கேட்பாரில்லைனு பேப்பர்ல வந்துச்சி, எடுத்தோம். இப்ப நீங்க கேட்பார் இருக்குதுனு சொல்றீங்க. எதை நான் நம்பறது? எழுதினவரே வந்து, நான் எழுதினது தப்புன்னு ஒரு வரி கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். எந்த டிராக்டர்ல வந்துச்சோ அதே டிராக்டர்ல அனுப்பிச்சிடறேன்."

எழுதினவன் நம் வீட்டுப் பிள்ளை என்று சொல்லக் கூசி, காசி அண்ணன் "ஊரே கையெழுத்துப் போடும்" என்றாராம். "ஊரு போட்டா ஜாஸ்தி பேரு இருக்கும், அவ்வளவுதான். எழுதினவர் போட்டாத்தான் எழுதினது அழியும்" என்று சொல்லிவிட்டார்.

ஒரு வரி, சகாதேவா. பதினைந்து வரி எழுதினவனுக்கு ஒரு வரி பாரமா?

சந்திரகலாவுக்கு வந்தவாசிப் பக்கத்திலிருந்து இடம் வந்திருக்கிறது. பையன் மூர்த்தி, மின்சார வாரியத்தில் வேலை. அவள் படிப்பு முடிந்ததும் வருகிற தையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நம் வீட்டில் முதல் பத்திரிகை யாருக்கு என்று உனக்குத் தெரியும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வேடியப்பன் காலடியில் வைத்த பிறகுதான் அடுத்த பத்திரிகைக்குப் பெயர் எழுதுவோம். என் கல்யாணத்துக்கு அப்பா வைத்தார். உனக்கு அப்போது ஏழு வயது. வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு கூட வந்தவனே நீதான்.

என் பெண்ணுக்கு நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? பள்ளத்திலா?

எட்டாம் தேதிக்குள் எழுதிக் கொடு. தப்பு என்று சொன்னால் ஒரு மனுஷன் சின்னவனாகிவிட மாட்டான்.

அக்கா


திருவண்ணாமலை
14-3-1980

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நான் ஐந்து முறை தொடங்கினேன்.

கையெழுத்துப் போடவில்லை. எட்டாம் தேதி கடந்துவிட்டது.

காரணங்களைச் சொல்கிறேன். கட்டுரை வந்து மூன்று மாதம் கழித்து, நான் எழுதியது தப்பு என்று எழுத்தில் கொடுத்தால் அந்தத் தாள் எங்கே போகும்? பத்திரிகை ஆபீசுக்குப் போகும். பன்னிரண்டு வருஷமாகப் பகுதிநேர நிருபராக இருக்கிறேன். என்னை நிரந்தரமாக்க ஒரு காரணம் தேடுகிறவர் அங்கே யாரும் இல்லை. நீக்கக் காரணம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். சொந்த வீட்டுக் கும்பிடு கல்லைப் பற்றியே தப்பாக எழுதியவன் என்றால், அவன் வேறு எதைச் சரியாக எழுதியிருப்பான் என்றுதானே கேட்பார்கள்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது. கலைக்கூடத்தில் வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டவும், ஊரில் பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றி ஒரு சிறு கையேடு எழுதவும் ஆள் தேவைப்படுகிறது. கோதண்டராமன் என்னைக் கேட்டார். சம்மதித்துவிட்டேன். எனக்கு நாற்பது வயதாகப்போகிறது. ஒரு நாற்காலி, ஒரு மேஜை என்று இதுவரை எங்கேயும் கிடைத்ததில்லை.

இதை இப்படிப் பார், அக்கா. நான் உள்ளே இருந்தால் வேடியப்பனை நம் வீட்டு ஆள்தான் பார்த்துக்கொள்கிறான் என்று ஆகிறது. சந்திரகலா கல்யாணப் பத்திரிகையை நானே வைத்துவிடுகிறேன். உனக்குச் செங்கம் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான்.

கோபம் ஆறியதும் எழுது.

சகாதேவன்


வேலங்குட்டை
20-8-1980

சோணகிரி கலைக்கூடத்தில் பணிபுரியும் ஐயா அவர்களுக்கு,

நான் சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் மியூசியத்துக்கு வந்திருந்தேன். என் மகள் சந்திரகலாவும் எங்கள் காசி அண்ணனும் கூட வந்தார்கள். மூன்று டிக்கெட் வாங்கினோம். பையில் தேங்காய், கற்பூரம், மஞ்சள் இருந்தன. வாசலில் இருந்தவர் தேங்காயையும் கற்பூரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். மஞ்சளை நான் முந்தானையில் முடிந்திருந்தேன்.

தங்கள் மியூசியம் நன்றாக இருக்கிறது. தரை வழவழப்பாக இருக்கிறது. மரத்தேர்ப் பொம்மைகள், செப்புக் காசுகள், பழைய தீபாவளி விளம்பரம் எல்லாம் பார்த்தோம். எங்கள் சாமியைச் சுவரோரம் சிமெண்ட் மேடையில் நிறுத்தியிருக்கிறீர்கள். அடியில் '7' என்று சீட்டு. எனக்கு அடையாளமே தெரியவில்லை. பிரஷ் போட்டுத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள், சாம்பிராணிக் கரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டீர்கள். இத்தனை வருஷமும் அவர் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுத்தம் செய்த பிறகு பார்த்தால் சிரிக்கவில்லை.

அப்போது தாங்கள் ஒரு பிரம்பை வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிவந்தீர்கள். மதராஸ்காரர்கள் சிலர், வெள்ளைக்காரப் பெண்கள் ரெண்டு பேர். தமிழில் முதலில் சொன்னீர்கள். "செங்கம் பக்கம் ஒரு கிராமத்துல, புதர்ல, கேட்பாரற்றுக் கிடந்துச்சி." எழுதியது பழக்கத்தால் என்றீர்கள், சரி. என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னது எதனால்?

பார்த்தீர்கள். பார்க்கவில்லை என்று எழுதவேண்டாம். பிரம்பு ஒரு நிமிஷம் அந்தரத்தில் நின்றது.

நான் முந்தானையை அவிழ்த்து அவர் நெற்றியில் மஞ்சள் வைக்கப் போனேன். தாங்கள் பிரம்பைக் குறுக்கே நீட்டினீர்கள். "தொடாதீங்கம்மா, தள்ளி நில்லுங்க" என்றீர்கள். அப்பா போன பிறகு உங்களை வளர்த்து ஆளாக்கிய எனக்கு அன்றைக்குத்தான் உங்கள் வாயால் 'ங்க' கிடைத்தது.

வெள்ளைக்காரி ஒருத்தி தங்களிடம் ஏதோ கேட்டாள். தாங்கள் இங்கிலீஷில் பதில் சொன்னீர்கள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். பஸ் பாதி வழி வந்த பிறகுதான் சந்திரகலா வாயைத் திறந்தாள்.

"அந்தப் பொம்பளை, இவங்க யாருன்னு கேட்டாம்மா."

"மாமா என்னாடி சொன்னாரு?"

"பக்கத்துக் கிராமத்துப் பொம்பளை, கும்பிடற பழக்கத்துல வந்துட்டாங்கன்னாரு."

காசி அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தேங்காயையும் கற்பூரத்தையும் வாசலிலேயே விட்டுவிட்டோம். தாங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பக்கத்துக் கிராமத்துப் பொம்பளை


திருவண்ணாமலை
2-9-1980

அக்கா,

'நீங்கள்' என்று எழுதாதே. திட்டி எழுது.

அந்த மேடைக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அதற்குள் யாரையும் விடக்கூடாது என்பது எனக்கு இட்ட வேலை. கோதண்டராமன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இது உண்மை. ஆனால் பிரம்பை நீட்டியது அவருக்குப் பயந்து அல்ல. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊருக்கு நான் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. நிருபர் என்றால் எந்த ஊர், எந்தத் தெரு, எந்தச் சாமி என்று சுற்றிவளைத்துக் கேட்பார்கள். நான் படித்தவன் என்ற ஒன்றை மட்டும்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். கொல்லையில் நிற்கும் கல்லுக்குக் கோழி அறுக்கும் வீட்டுப் பிள்ளை என்று ஒருத்தரிடமும் சொன்னதில்லை. பதினைந்து வரியில் அதை எழுதாததற்கும் அதுதான் காரணம். நிருபர் தன் வீட்டை எழுதக்கூடாது என்று உனக்கு எழுதினேனே, அப்படி ஒரு விதி இல்லை.

நீ மஞ்சளோடு வந்து நின்றபோது, எல்லோர் முன்னாலும் நீ "சகாதேவா" என்று கூப்பிட்டுவிடுவாயோ என்று பயந்தேன். நீ கூப்பிடவில்லை.

சந்திரகலாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டதா? தாய்மாமன் செய்ய வேண்டியதை எழுது. நெற்றிப் பட்டமும் மாலையும் நான் இங்கேயே சொல்லிச் செய்துவிடுகிறேன்.

சகாதேவன்


திருவண்ணாமலை
24-1-1981

அக்கா,

என் செப்டம்பர் கடிதத்துக்கும், தீபத்துக்கு எழுதிய கார்டுக்கும் நீ பதில் போடவில்லை. இது மூன்றாவது.

கலைக்கூடத்துக்கு வரும் தபாலைப் பிரிப்பது என் வேலை. செவ்வாய்க்கிழமை ஒரு உறை வந்தது. மேலே உன் கையெழுத்து. எனக்குத்தான் என்று நினைத்தேன். விலாசம் இப்படி இருந்தது: 'வேடியப்பன் அவர்கள், எண் 7, சோணகிரி கலைக்கூடம், செங்கம் ரோடு, திருவண்ணாமலை.'

பிரித்தேன். சந்திரகலா கல்யாணப் பத்திரிகை. நாலு மூலையிலும் மஞ்சள். ஒரு காய்ந்த வெற்றிலை, ரெண்டு பாக்கு. உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன். உள்ளே வேறு பத்திரிகை இல்லை.

கோதண்டராமன் வந்து பார்த்தார். "என்னய்யா இது, கல்லுக்கு லெட்டரா?" என்று சிரித்தார். பத்திரிகையில் இருந்த ஊர்ப் பெயரைப் படித்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அப்போதுதான் முதல் முறையாக அவரிடம் சொன்னேன். "என் அக்கா பொண்ணு. இது எங்க குலசாமி." அவர் பத்திரிகையைத் திரும்ப உறைக்குள் வைத்தார். பிறகு, "இதைப் போன மார்ச்சுல சொல்றதுக்கு உமக்கு வாய் இல்லாமப் போச்சா?" என்றார்.

அன்றே அந்த ஒரு வரியை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார். கல் பதிவேட்டில் ஏறிவிட்டது, டிரஸ்டிகள் கூடினால்தான் எடுக்க முடியும், அவர்கள் கூட மாட்டார்கள் என்றார். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். 'வேலங்குட்டை நடுகல் கேட்பாரற்றுக் கிடப்பதாக நான் எழுதியது தவறு. அது என் குடும்பத்தார் நாளதுவரை கும்பிட்டு வரும் சாமி.'

பத்திரிகையை வேடியப்பன் காலடியில் வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை, கூட்டம் வருவதற்கு முன்னால். கோட்டைத் தாண்டித்தான் வைத்தேன். மஞ்சளும் வைத்தேன். மத்தியானம் பெருக்குகிறவர் மஞ்சளைத் துடைத்துவிட்டார். பத்திரிகை மேடைக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடக்கிறது. அங்கே துடைப்பம் போகாது. அதனால் இருக்கும்.

முதல் பத்திரிகை வைத்தாகிவிட்டது. எனக்கு எப்போது வரும்? பிப்ரவரி எட்டாம் தேதி என்று அதில் பார்த்தேன். பட்டம் வாங்கி வைத்திருக்கிறேன்.

சகாதேவன்


வேலங்குட்டை
12-2-1981

ஐயா அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் அதில் இருந்த தாளும் கிடைத்தன. ஒரு வரிதான். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். காசி அண்ணன் ரெண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். "இதை எங்க குடுக்கணும்?" என்றார். இனிக் கொடுக்க யாரும் இல்லை என்றேன். தாளைப் பெட்டியில், அந்தப் பேப்பர் துண்டுக்கு மேலேயே வைத்திருக்கிறேன்.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. அதிகாலையில் பெண்ணைப் பள்ளத்துக்குக் கூட்டிப்போய்க் கும்பிடச் சொன்னேன். பள்ளத்தை நாங்கள் மூடவில்லை. வேறு கல்லும் நடவில்லை.

வாசலில் தாங்கள் வந்து நின்றதாக இராமலிங்கம் சொன்னார். கையில் பட்டமும் மாலையும் இருந்ததாம். கூப்பிடாமல் உள்ளே வரவில்லையாம். அப்போது நான் மணவறைக்குப் பக்கத்தில் இருந்தேன். அங்கிருந்து வாசல் தெரியும். பிரம்பு நீட்டுகிற அளவு தூரம்தான்.

பட்டம் கட்டும் நேரம் வந்ததும் ஐயர், "பொண்ணோட தாய்மாமன் வாங்கோ" என்று ரெண்டு தரம் கூப்பிட்டார். காசி அண்ணன் எழுந்து போய்க் கட்டினார். சந்திரகலா தலையை நிமிர்த்தவில்லை.

சம்பந்தி அம்மாள் விவரம் தெரியாதவர். என் காதோரம் குனிந்து, "ஏங்க, பொண்ணுக்கு உங்க கூடப்பொறந்த மாமன் யாரும் கிடையாதா?" என்று கேட்டார்.

"இருக்காரு. மியூசியத்துல வச்சிருக்காங்க" என்றேன்.

பச்சையம்மாள்